ஆய்வு வினாவைச் செம்மையாக்கல்: ‘ஃபேஷன் துறையில் வெற்றி’ என்னும் பொருளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

முதுகலை, முனைவர் பட்ட நிலைகளில் மாணவர்கள் முன்வைக்கும் முதல் வினா பெரும்பாலும் பரந்துபட்டதாகவே அமைகிறது. ‘ஃபேஷன் துறையில் வெற்றி பெறுவதற்கான காரணிகள் யாவை?’ என்பது அத்தகைய வினாக்களுள் ஒன்று. இவ்வினாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு பொதுவினா ஆய்வுக்குரிய வினாவாக மாறும் படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகிறது. வினாவிலுள்ள ‘ஃபேஷன் துறை’, ‘வெற்றி’, ‘காரணி’ ஆகிய மூன்று சொற்களும் தனித்தனியே ஆராயப்படுகின்றன. நன்னூல் கூறும் வினா வகைப்பாடு இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது. எல்லையைச் சுருக்குவதால் மட்டும் வினா செம்மையடைவதில்லை. தவறாகவும் வாய்ப்புள்ள விடையைக் கேட்கும் வினாவே செம்மையான வினா என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: ஆய்வு வினா, ஆய்வு நெறிமுறை, ஃபேஷன் துறை, வெற்றி, ஐயவினா, திருப்பூர், பின்னலாடை.

முன்னுரை

ஓர் ஆய்வேட்டின் தரம் தரவுகளைத் திரட்டும்போது தீர்மானிக்கப்படுவதில்லை. வினாவை அமைக்கும்போதே பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. வினா தெளிவற்றதாயின், எத்தனை நூறு வினாநிரல்களை நிரப்பினாலும் எத்தனை அட்டவணைகளை இணைத்தாலும் விடை தெளிவுறாது. தமிழகப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுத் தலைப்புகள் ‘ஓர் ஆய்வு’ என முடியும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. இத்தொடர் ஆய்வின் பொருளைச் சுட்டுகிறது. ஆய்வாளர் எதை அறிய விழைகிறார் என்பதைச் சுட்டுவதில்லை. தலைப்பு இருந்தும் வினா இல்லாத ஆய்வேடுகள் உருவாவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஆடை வடிவமைப்பு, வணிக மேலாண்மை, சமூகவியல், இதழியல் எனப் பல துறை மாணவர்களை ஈர்க்கும் பொருளாக ஃபேஷன் துறை விளங்குகிறது. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 1986-இல் தொடங்கப்பட்டதையடுத்து இந்தியாவில் இக்கல்வி தனித்துறையாக வளர்ந்துள்ளது. பின்னலாடைத் தொழிலால் உலகச் சந்தையோடு இணைந்த திருப்பூரும் தமிழகத்திலேயே உள்ளது. ஆகவே இத்துறையின் வெற்றி பற்றி அறிய வேண்டும் என்னும் மாணவரின் ஆர்வம் இயல்பானது. அந்த ஆர்வத்தைத் தணிக்காமல் அதனை ஆய்வுக்குரியதாக மாற்றுவதே நெறியாளரின் முன்னுள்ள பணி. அப்பணி எவ்வாறு நிகழலாம் என்பதை இக்கட்டுரை படிப்படியாகக் காட்டுகிறது.

வினாவின் வகை

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சொல்லதிகாரப் பொதுவியலில் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுக்கிறது. இது உரையாடலில் அமையும் வினாக்களைப் பற்றிய வகைப்பாடு. ஆய்வு நெறிமுறைக்கென வகுக்கப்பட்டதன்று. ஆயினும் வினவுபவரின் மனநிலையைக் கொண்டு வினாவைப் பிரிக்கும் அதன் அணுகுமுறை ஆய்வு வினாவைச் சோதிப்பதற்கும் பயன்படுகிறது.

‘ஃபேஷன் துறையில் வெற்றி பெறுவதற்கான காரணிகள் யாவை?’ என்னும் வினா தோற்றத்தில் அறியாவினாவாக உள்ளது. ஆனால் வினவும் மாணவரிடம் ‘காரணிகள் எவையாக இருக்கும் எனக் கருதுகிறீர்கள்?’ என்று கேட்டால், படைப்பாற்றல், கடின உழைப்பு, விடாமுயற்சி, விளம்பரம், மூலதனம் என்னும் பட்டியல் உடனே கிடைக்கிறது. ஆய்வின் முடிவிலும் அதே பட்டியல்தான் கிடைக்கப் போகிறது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு வினவுவதால் இது அறிவினாவின் தன்மையைப் பெற்றுவிடுகிறது.

சில வேளைகளில் இவ்வினா ஏவலை உள்ளடக்கியதாகவும் அமைகிறது. ‘வெற்றி பெற என்ன செய்ய வேண்டும்?’ என்பது அதன் மறைபொருள். அதற்குரிய விடை அறிவுரையாக அமையும். ஆய்வு முடிவாக அமையாது. தன்னம்பிக்கை நூலுக்கும் ஆய்வேட்டுக்கும் உள்ள வேறுபாடு மங்குமிடம் இதுவே.

‘அங்குக் கிடப்பது பாம்பா, கயிறா?’ என்பது ஐயவினாவுக்குப் பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டு. இதில் இரண்டு விடைகள் உள்ளன. இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. அருகில் சென்று பார்த்தால் ஒன்று விலகும். ஆய்வு வினா அடைய வேண்டிய வடிவத்திற்கு இது மிக நெருக்கமானது. போட்டியிடும் இரண்டு விளக்கங்களை எதிரெதிரே நிறுத்தி, எத்தகைய சான்று கிடைத்தால் எது விலகும் என்பதை முன்கூட்டியே கூறும் வினாவே ஆய்வைத் தாங்கி நிற்கிறது. மாணவரின் வினாவை அவ்வடிவத்திற்குக் கொண்டுவர, அதன் சொற்களை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்.

‘ஃபேஷன் துறை’ எது?

ஃபேஷன் துறை என்பது ஒரு தொழிலன்று. பல தொழில்களின் தொகுதி. பருத்தி நூற்பு, பின்னல், சாயமிடல், வெட்டுதல், தைத்தல், வடிவமைத்தல், விளம்பரம், மாடலிங், இதழியல், சில்லறை விற்பனை ஆகிய அனைத்தும் இச்சொல்லின் கீழ் அடங்குகின்றன. பாரிசில் உயர்தர ஆடை நிறுவனம் நடத்துபவரும் திருப்பூரில் பனியன் நிறுவனம் நடத்துபவரும் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள் எனக் கூற இயலும். ஆனால் இருவரின் வெற்றியையும் ஒரே அளவுகோலால் அளக்க இயலாது.

ஆடையும் ஃபேஷனும் ஒன்றல்ல என்பதைச் சமூகவியலாளர் யூனியா கவமுரா 2005-இல் வெளிவந்த ‘ஃபேஷனாலஜி’ என்னும் நூலில் வலியுறுத்துகிறார். ஆடை என்பது பொருள். ஃபேஷன் என்பது அப்பொருளுக்கு நிறுவனங்கள் கூடி வழங்கும் மதிப்பு. பியர் பூர்தியூவும் இவெட் தெல்சோவும் 1975-இல் எழுதிய கட்டுரை இதற்கு முன்னோடியானது. வடிவமைப்பாளரின் பெயர்ச்சீட்டு ஓர் ஆடையின் மதிப்பை மாற்றிவிடும் ஆற்றலைப் பெறுவது, அத்துறையைச் சேர்ந்த அனைவரின் கூட்டு நம்பிக்கையால்தான் என அக்கட்டுரை வாதிடுகிறது. இக்கருத்தை ஏற்றால், வடிவமைப்பாளரின் தனித்திறனை மட்டும் ஆராய்வது போதாது. அவரை அங்கீகரிக்கும் இதழாசிரியர், கொள்முதலாளர், விருதுக் குழு ஆகியோரையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

எனவே மாணவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு ஆய்வலகு பற்றியது. தனிமனிதரா, நிறுவனமா, ஒரு தொழில் நகரமா, ஓர் ஆடைவகையா என்பதை வரையறுக்காமல் அடுத்த படிக்குச் செல்ல இயலாது. ஓர் அலகில் பெற்ற முடிவை வேறோர் அலகிற்கு அப்படியே பொருத்துவதும் பிழையாகும். ஒரு நகரத்தின் ஏற்றுமதி உயர்வதைக் கொண்டு, அந்நகரின் ஒவ்வொரு சிறுநிறுவனமும் வளர்ந்தது எனக் கூற இயலாது.

‘வெற்றி’ எதைக் குறிக்கிறது?

வெற்றி என்னும் சொல் வினாவின் மையமாக இருந்தும் பெரும்பாலும் வரையறுக்கப்படாமலேயே விடப்படுகிறது. விற்பனை, இலாபம், புகழ், விருது, நீடித்திருத்தல், பிறர்மேல் செலுத்தும் தாக்கம் ஆகியவற்றுள் எதனை வெற்றி எனக் கொள்வது? இவை ஒன்றோடொன்று இணைந்தே செல்லும் என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகிறது. ஃபேஷன் வரலாறு அதனை மறுக்கிறது.

பிரெஞ்சு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லாக்ருவா 1987-இல் தம் பெயரில் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய படைப்புகள் விமரிசகர்களின் பெரும்பாராட்டைப் பெற்றன. ஆயினும் அந்நிறுவனம் இலாபம் ஈட்டாமலேயே இயங்கி, 2009-இல் கடன் தீர்க்க இயலாத நிலையில் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. புகழை அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வில் லாக்ருவா வெற்றியாளர். இலாபத்தை அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வில் தோல்வியுற்றவர். ஒரே மனிதர் இரு பட்டியலிலும் இடம்பெறும்போது, அளவுகோலைக் குறிப்பிடாத வினாவுக்கு விடை இருக்க இயலாது.

காலமும் இவ்வாறே முடிவை மாற்றுகிறது. பால் பூவாரே 1903-இல் பாரிசில் தம் நிறுவனத்தைத் தொடங்கி, இறுக்குக் கச்சின்றிப் பெண்கள் அணியக்கூடிய ஆடைகளால் முதல் உலகப் போருக்கு முன் பெரும்புகழ் எய்தினார். போருக்குப் பின் ஆடைச் சுவை மாறியது. 1929-இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்டது. 1944-இல் அவர் வறுமையில் மறைந்தார். 1912-இல் அவரை ஆய்வு செய்தவர் வெற்றிக்கான காரணங்களை எழுதியிருப்பார். 1930-இல் ஆய்வு செய்தவர் தோல்விக்கான காரணங்களை எழுதியிருப்பார். புதுமை நாட்டம், துணிச்சல், ஆடம்பரம் என இருவரும் சுட்டும் பண்புகள் ஒன்றாகவே இருந்திருக்கவும் கூடும்.

இத்துறையில் காலத்தைக் குறிப்பிடுவது இன்றியமையாதது என்பதற்குக் கோட்பாட்டு அடிப்படையும் உண்டு. பிறரைப் போல இருக்க விழைதல், பிறரிடமிருந்து வேறுபட விழைதல் ஆகிய இரண்டின் சேர்க்கையே ஃபேஷன் என்பது ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மலின் கருத்து. ஒரு பாணி அனைவரிடமும் பரவிவிட்டால் வேறுபடுத்தும் ஆற்றலை இழந்து அது முடிவை நோக்கிச் செல்கிறது. அதாவது, இத்துறையில் ஒரு பாணியின் பரவலே அதன் முடிவுக்கும் வித்தாகிறது. ஆகவே எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்னும் வரையறை இல்லாத ‘வெற்றி’ ஆய்வுக்குரிய சொல் ஆகாது.

யாருடைய வெற்றி?

வெற்றியை அளக்கும்போது யாருடைய கணக்கில் அளக்கிறோம் என்பதும் வினாவின் ஒரு பகுதியே. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தின் சாவர் பகுதியில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் உயிரிழந்தனர். அக்கட்டடத்தில் இயங்கிய தையலகங்கள் மேலைநாட்டு வணிகப் பெயர்களுக்காக ஆடைகளைத் தயாரித்தன. குறைந்த விலையும் விரைவான விநியோகமும் விற்பனை நிறுவனத்தின் கணக்கில் வெற்றிக் காரணிகளாகப் பதிவாகின்றன. தையல் தொழிலாளரின் கணக்கில் அவற்றின் பொருள் வேறு.

திருப்பூரின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. ஏற்றுமதி வளர்ந்த ஆண்டுகளில் சாய, சலவை ஆலைகளின் கழிவுநீர் நொய்யலாற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழ்படுத்தியது. கழிவுநீரை வெளியேற்றக் கூடாது என்னும் நிபந்தனை நிறைவேற்றப்படாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆலைகளை மூட ஆணையிட்டது. ஏற்றுமதி மதிப்பை மட்டும் கொண்டு அந்நகரின் வெற்றியை அளந்த ஆய்வு, ஆற்றுப் பாசனத்தை நம்பிய உழவரின் இழப்பைத் தன் கணக்கில் சேர்த்திருக்காது. எல்லா இழப்புகளையும் ஒரே ஆய்வேட்டில் அளக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. எதனைக் கணக்கில் எடுத்தோம், எதனை விடுத்தோம் என்பதை வினாவே தெளிவாகக் காட்ட வேண்டும் என்பதே பொருளாகும்.

‘காரணி’: வென்றவரை மட்டும் கேட்பதன் விளைவு

வெற்றிக் காரணிகளை அறிய விரும்பும் மாணவர் வெற்றி பெற்றவர்களையே தேடிச் செல்கிறார். நூறு நிறுவன உரிமையாளர்களிடம் ஐந்நிலை அளவுகோலில், ‘கடின உழைப்பே வெற்றிக்குக் காரணம்’ என்னும் தொடருக்கு உடன்படுகிறார்களா என வினவுகிறார். பெரும்பாலோர் உடன்படுகின்றனர். உழைப்பே முதன்மைக் காரணி என முடிவு எழுதப்படுகிறது. இம்முடிவில் இரண்டு குறைகள் உள்ளன.

முதலாவது, தோற்றவர்கள் விடுபட்டுள்ளனர். தோற்றவர்களும் அதே அளவு உழைத்திருந்தால் உழைப்பு வெற்றியையும் தோல்வியையும் வேறுபடுத்தும் காரணி ஆகாது. விளைவைக் கொண்டு மாதிரியைத் தேர்ந்தெடுப்பதால் விடை எவ்வாறு பிறழ்கிறது என்பதை அரசியல் அறிவியலாளர் பார்பரா கெடிஸ் 1990-இல் எழுதிய கட்டுரையில் விரிவாக விளக்கியுள்ளார். மூடப்பட்ட நிறுவனங்களின் உரிமையாளர்களைக் கண்டறிவது கடினம் என்பது உண்மையே. கடினம் என்பதால் அவர்களை விட்டுவிட்டால் வினாவுக்கான விடையையும் விட்டுவிட நேரும்.

இரண்டாவது, விளைவு தெரிந்த பின் கூறப்படும் காரணம் அவ்விளைவால் வண்ணம் பெறுகிறது. நிறுவனம் செழிக்கும்போது தலைவரின் பிடிவாதம் ‘உறுதி’ எனப்படுகிறது. வீழும்போது அதே பிடிவாதம் ‘வளையாமை’ எனப்படுகிறது. மேலாண்மை ஆய்வுகளில் இப்பிழை பரவலாக உள்ளதை ஃபில் ரோசன்ஸ்வைக் 2007-இல் வெளிவந்த ‘தி ஹேலோ எஃபெக்ட்’ என்னும் நூலில் எடுத்துக்காட்டினார்.

தற்செயலின் பங்கையும் இங்குக் கருத வேண்டும். மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் 14,000-க்கும் மேற்பட்டோர் அறிமுகமற்ற 48 பாடல்களைக் கேட்டனர். சிலருக்குப் பிறருடைய தெரிவுகள் காட்டப்படவில்லை. ஏனையோர் எட்டுக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் குழுவினர் ஒவ்வொரு பாடலையும் எத்தனை முறை பதிவிறக்கினர் என்பதைக் கண்டனர். குழுவுக்குக் குழு வெற்றிப் பாடல்கள் மாறின. மிகச் சிறந்தவை பெரிதும் தோற்கவில்லை. மிக மோசமானவை பெரிதும் வெல்லவில்லை. இடைப்பட்டவற்றின் நிலையை முன்கூட்டிக் கூற இயலவில்லை. பிறர் தெரிவைப் பார்த்துத் தெரிவு செய்யும் பழக்கம் இசையைவிட ஆடையில் குறைவு எனக் கருதுவதற்கு இடமில்லை. ஆகவே ‘தரம்தான் வென்றது’ என்னும் விடை, மாற்று விளக்கமாகிய தற்செயலையும் எதிர்கொண்டாக வேண்டும்.

வென்றோர் கூற்று: தரவா, முடிவா?

அவ்வாறெனில் வெற்றி பெற்றவர்களின் சொற்களுக்கு ஆய்வில் இடமில்லையா? இடமுண்டு, ஆனால் அவை விளக்கப்பட வேண்டிய தரவாகவே இடம்பெற வேண்டும். இதற்குத் திருப்பூரைப் பற்றிய இரண்டு ஆய்வுகள் நல்ல சான்றுகளாகும்.

சரத் சாரி 2004-இல் வெளியிட்ட ‘ஃபிராட்டெர்னல் கேப்பிடல்’ என்னும் நூல், உழவர் குடும்பத்திலிருந்து வந்து தொழிலாளராகப் பணியாற்றிப் பின்னர் நிறுவன உரிமையாளரான கொங்கு வேளாளக் கவுண்டர்களைப் பற்றியது. தங்கள் ஏற்றத்திற்கு ‘உழைப்பு’ என்பதையே அவர்கள் காரணமாகக் கூறினர். சாரி அச்சொல்லை ஆய்வு முடிவாக ஏற்கவும் இல்லை. பொய்யெனத் தள்ளவும் இல்லை. அந்த உழைப்புக்கு எந்த வேளாண் வரலாறு பின்புலமாக உள்ளது, யாருடைய உழைப்பு மூலதனமாக மாற முடிந்தது, யாருடையது மாற முடியவில்லை என்னும் வினாக்களை அச்சொல்லிலிருந்தே எழுப்பினார். மாணவர் முடிவாகக் கொள்ளும் சொல் அங்கு வினாவின் தொடக்கமாக அமைந்தது.

அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் அதே 2004-இல் வெளியிட்ட கட்டுரை வேறொரு வழியில் செல்கிறது. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களை உரிமையாளரின் சமூகப் பின்னணியைக் கொண்டு இரு பிரிவாக்கி அவர்கள் ஒப்பிட்டனர். இரு பிரிவினரின் முதலீட்டு அளவில் பெரிய வேறுபாடு காணப்பட்டது. அவ்வேறுபாட்டை உற்பத்தித் திறனால் மட்டும் விளக்க இயலாது. மூலதனம் கிடைக்கும் வாய்ப்பிலுள்ள வேறுபாடே பொருத்தமான விளக்கம் என அவர்கள் வாதிட்டனர். இங்கு வினா தெளிவான ஐயவினாவாக உள்ளது: முதலீட்டு வேறுபாட்டுக்குக் காரணம் திறனா, மூலதன வாய்ப்பா? திறனே காரணமெனில் தரவு ஒருவகையாகவும், மூலதனமே காரணமெனில் வேறுவகையாகவும் அமைய வேண்டும். தரவைப் பார்க்கும் முன்பே இவ்வேறுபாட்டைக் கூற முடிந்தமையே அவ்வினாவின் வலிமையாகும்.

முன்னாய்வுகள் திறக்கும் இடைவெளி

வினாவைச் செம்மையாக்குவதற்கு முன்னாய்வுகளைக் கற்பது தனி இயலை நிரப்புவதற்காக மட்டுமன்று. ஏஞ்சலா மெக்ராபி 1998-இல் வெளியிட்ட நூல், பிரிட்டனின் கலைக் கல்லூரிகளில் பயின்று வெளிவந்த இளம் வடிவமைப்பாளர்களின் தொழில் வாழ்வை ஆராய்கிறது. ஊடகப் புகழும் நிலையற்ற வருவாயும் ஒரே வாழ்வில் இணைந்திருப்பதை அந்நூல் காட்டியது. ஆலிசன் ஸ்டோக்ஸ் 2015-இல் எழுதிய கட்டுரை, பெண்கள் பெருமளவில் பணிபுரியும் இத்துறையில் ஆண் வடிவமைப்பாளர்களுக்கே கூடுதல் புகழ் கிட்டுவதை ஆராய்ந்து, அவ்விருவரையும் பற்றி எழுதப்படும் மொழியே வேறுபடுவதைச் சுட்டியது.

இவ்விரு ஆய்வுகளும் மாணவருக்கு இரண்டு வாயில்களைத் திறக்கின்றன. கல்லூரியிலிருந்து வெளிவருவோரைப் பின்தொடர்தல் என்னும் முறையை முன்னது தருகிறது. புகழும் பாலினமும் தொடர்புடையவை என்னும் எச்சரிக்கையைப் பின்னது தருகிறது. தமிழகச் சூழலில் இவை எவ்வாறு அமைகின்றன என்பது ஆய்வுக்குரிய இடைவெளியாகும்.

வினா மாறும் படிநிலைகள்

மேற்கூறியவற்றைக் கொண்டு மாணவரின் வினா பின்வருமாறு மாறலாம்.

முதல் நிலை: ‘ஃபேஷன் துறையில் வெற்றி பெறுவதற்கான காரணிகள் யாவை?’ அலகு, அளவுகோல், காலம், ஒப்பீடு ஆகிய எதுவும் இதில் இல்லை.

இரண்டாம் நிலை: ‘திருப்பூர் மாவட்ட ஃபேஷன் துறையில் வெற்றிக்கான காரணிகள் யாவை?’ மாவட்டத்தின் பெயரைச் சேர்த்ததும் வினா செம்மையடைந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் உள்ளது. இடம் சுருங்கியுள்ளது, குழப்பம் அப்படியே உள்ளது.

மூன்றாம் நிலை: ‘ஆடை வடிவமைப்பில் பட்டம் பெற்றோர் பத்தாண்டுகளுக்குப் பின் வடிவமைப்பாளராக நிலைத்திருப்பதற்கான காரணிகள் யாவை?’ இங்கு அலகு தனிமனிதர்; அளவுகோல் தொழிலில் நிலைத்திருத்தல்; காலம் பத்தாண்டு. வெற்றி என்னும் சொல் விலகி, அளக்கத்தக்க சொல் வந்துள்ளது. எனினும் ‘காரணிகள் யாவை’ என்பது இன்னும் பட்டியலையே கேட்கிறது.

நான்காம் நிலை: ‘ஒரு கல்லூரியில் 2010 முதல் 2014 வரை ஆடை வடிவமைப்பில் பட்டம் பெற்றோருள், பத்தாண்டுகளுக்குப் பின் வடிவமைப்பாளராகத் தொடர்வோரையும் அத்தொழிலை விட்டு விலகியோரையும் கூடுதலாக வேறுபடுத்துவது எது? படிப்பில் வெளிப்பட்ட திறனா, தொழில் தொடங்கும்போது குடும்பத்திடமிருந்து கிடைத்த பொருளுதவியா?’

நான்காம் நிலையில் வினா ஐயவினாவாகிறது. ஒரே கல்லூரியின் ஐந்தாண்டு மாணவர் அனைவரையும் எடுத்துக்கொள்வதால் நிலைத்தோரும் விலகியோரும் ஒருங்கே மாதிரிக்குள் வருகின்றனர். பொருளுதவியே முதன்மையெனில், ஒத்த மதிப்பெண் பெற்றோருள் உதவி பெற்றோர் மிகுதியாக நிலைத்திருக்க வேண்டும். திறனே முதன்மையெனில், ஒத்த பொருளுதவி பெற்றோருள் திறன் மிக்கோர் மிகுதியாக நிலைத்திருக்க வேண்டும். இரண்டும் புலப்படாவிடில் இரு விளக்கங்களும் ஐயத்திற்குரியன. அவ்வாறான முடிவும் ஆய்வேட்டில் எழுதத்தக்க முடிவே.

வினாவின் எல்லைகள்

செம்மையான வினா தன் எல்லையையும் உணர்ந்திருக்கும். நான்காம் நிலை வினாவிலும் சிக்கல்கள் உள்ளன. முதலாவது, வசதியுள்ள குடும்பத்து மாணவர் நல்ல துணியும் கருவியும் வாங்கி நல்ல மதிப்பெண் பெறலாம். அப்போது திறனும் பொருளுதவியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டாவது, தொழிலை விட்டு விலகியோர் அனைவரும் தோற்றவர்கள் அல்லர். கூடுதல் ஊதியத்திற்காக வேறு பணிக்குச் சென்றவரையும், திருமணத்திற்குப் பின் இடம்பெயர்ந்ததால் விலக நேர்ந்தவரையும் ஒரே பிரிவில் வைத்தல் தகாது. விலகியதன் சூழலைத் தனியே கேட்டறிய வேண்டும். மூன்றாவது, தொடர்பு எல்லைக்கு அப்பால் சென்றவர்கள் விலகியோராகவே இருக்க வாய்ப்பு மிகுதி. அவர்களைத் தேடுவதற்கான காலத்தை ஆய்வுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். நான்காவது, இவ்வகைத் தரவு தொடர்பைக் காட்டும். காரண காரிய உறவை ஐயமற நிறுவாது.

செயற்படுத்தும் வாய்ப்பையும் கணக்கிட வேண்டும். ஆண்டுக்கு முப்பது மாணவர் எனக் கொண்டால் ஐந்தாண்டுகளில் நூற்றைம்பது பேர். முனைவர் பட்ட ஆய்வாளருக்கு இது இயலக்கூடிய எண்ணிக்கை. முதுகலை மாணவருக்கு ஓராண்டு அணியினரே போதும்; அந்நிலையில் எண்ணளவைக்கு மாற்றாக விரிவான நேர்காணல் பொருத்தமாகும். குடும்ப வருவாய், சாதி, தொழில் முறிவு ஆகியவை பற்றி வினவுவதால் ஒப்புதல் பெறுதல், பெயரை மறைத்தல், தரவைக் காத்தல் ஆகியன ஆய்வறத்தின் பகுதியாகின்றன. தோல்வியை நினைவுகூருமாறு ஒருவரைக் கேட்கும் ஆய்வாளர், அக்கேள்விக்கு உண்மையான தேவை உள்ளதா என்பதைத் தம் வினாவைக் கொண்டே சோதித்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

‘ஃபேஷன் துறையில் வெற்றிக்கான காரணிகள் யாவை?’ என்னும் வினா பயனற்றது அன்று. அது ஆய்வின் வாயில். அவ்வாயிலிலேயே நின்று மூன்றாண்டுகள் தரவு திரட்டும்போதுதான் இழப்பு நேர்கிறது. ஆய்வாளரின் காலம், வினாநிரலை நிரப்பியோரின் நேரம், நெறியாளரின் உழைப்பு ஆகிய மூன்றும் ஏற்கெனவே அறிந்த பட்டியலை மீண்டும் அச்சிடுவதில் செலவாகின்றன.

வினாவைச் செம்மையாக்குதல் என்பது இடத்தையோ எண்ணிக்கையையோ சுருக்குதல் மட்டுமன்று. அலகை வரையறுத்தல், வெற்றி போன்ற மதிப்புச் சொல்லை அளக்கத்தக்க சொல்லாக மாற்றுதல், காலத்தைக் குறித்தல், வென்றோரோடு தோற்றோரையும் மாதிரிக்குள் கொணர்தல், போட்டி விளக்கங்களை எதிரெதிரே நிறுத்துதல் ஆகிய ஐந்தும் அதில் அடங்கும். இவற்றுள் இறுதியானதே முதன்மையானது. அறிவினாவாகத் தொடங்கும் மாணவரின் வினா ஐயவினாவாக மாறும்போது, ஆய்வாளரே எதிர்பாராத விடைக்கும் இடம் பிறக்கிறது. ஆய்வுத் திட்டத்தை ஏற்கும் முன், ‘இவ்வினாவுக்கு எத்தகைய விடை கிடைத்தால் உங்கள் எண்ணம் தவறென ஒப்புக்கொள்வீர்கள்?’ என்று மாணவரிடம் நெறியாளர் கேட்பது நலம். அதற்கு மாணவர் விடை கூற முடிந்தால் களத்திற்குச் செல்லலாம். முடியாவிடில் வினாவை மீண்டும் ஒருமுறை எழுத வேண்டும்.